வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரங்களின் வீட்டுமனை விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் நிறைய வருகின்றன. முன்பெல்லாம் பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று மட்டும் சொல்லிவந்த அந்த விளம்பரங்கள், இப்போது மாதாமாதம் வாடகை வரும், கடன் தவணையை வாடகையே கட்டிவிடும் என்றும் சொல்லத் தொடங்கியுள்ளன. பணி ஓய்வுத் தொகையைக் கையில் வைத்திருப்பவர்களும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர்களும் இதை நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, இந்த மாவட்டங்களின் பத்திரங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், முதன்முறையாக வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்க நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். டெல்டாவில் புதிதாகத் தொடங்குபவர் இன்னொரு வீட்டை விலைக்கு வாங்குவதைவிட, ஏற்கெனவே தமக்கு உரிமையான மண்ணின் மேல் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டுப் பழகுவதே நல்லது என்பது என் முடிவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு கிரயமாகிறது என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வையும் மாற்றத் தீர்வையும் சேர்ந்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு என்ற கணக்கில் பதிவுச் செலவு மட்டும் 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிடும். வழக்கறிஞருக்கும் பத்திர எழுத்தருக்கும் கொடுப்பதையும், வெள்ளையடித்துக் குழாய் மாற்றும் செலவையும் சேர்த்தால் 44 லட்சத்தில் வந்து நிற்கும். அந்த வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாய் வாடகை கிடைத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். ஒருவர் காலி செய்து மற்றொருவர் குடிவரும் இடைவெளியில் ஒரு மாத வாடகை போகும். சொத்து வரி, மோட்டார் பழுது, கசிவு என்று 15,000 ரூபாயாவது போகும். மிச்சம் 95,000 ரூபாய்தான். போட்ட முதலுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம் வருகிறது. வங்கி வைப்புநிதி இதைவிட அதிகம் தரும்.

இதே வீட்டை 30 லட்சம் கடனில் வாங்கினால் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 26,000 ரூபாய். செலவு போக மாதம் கைக்கு வரும் வாடகை 8,000 ரூபாயைத் தொடாது. எனவே 18,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்தோ சிங்கப்பூர்ப் பணத்திலிருந்தோ எடுத்துப் போட வேண்டும். கடன் தீரும்போது வங்கிக்குக் கட்டிய மொத்தத் தொகை 62 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பதிவுச் செலவை வங்கிகள் பொதுவாகக் கடன் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், தொடக்கத்திலேயே சொந்தக் கைப்பணம் 14 லட்சம் தேவைப்படும். நாளைக்கு மண்ணின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் ஒருவர் இதைச் செய்தால் அது அவருடைய துணிவு. அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அதை வாடகை வருமானம் என்று அழைத்து, தவணையை வாடகை கட்டிவிடும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் சொல்லி விற்பது நியாயமாகாது.

சொந்த வீட்டின் மாடியில் 600 சதுர அடியில் ஒரு போர்ஷன் எடுப்பவரின் கணக்கு வேறு. சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று கொண்டால் 13 லட்சத்து 20 ஆயிரம் ஆகும். மண்ணுக்கும் பதிவுக்கும் செலவில்லை. மாதம் 7,000 ரூபாய் வாடகை வந்து, பழுதும் காலி மாதமும் கழித்து ஆண்டுக்கு 70,000 ரூபாய் நின்றால் அது நூற்றுக்கு ஐந்துக்கு மேல். பத்து லட்சம் கடனை 15 ஆண்டுக்கு வாங்கியிருந்தாலும் தவணைக்காகக் கையிலிருந்து போடுவது மாதம் 4,000 ரூபாய் அளவில் நின்றுவிடும். குடியிருப்பவர் நம் கண்ணெதிரே இருப்பதால், வாடகை வாங்குவது, பழுது பார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, மனத்தாங்கலில்லாமல் ஒருவரைக் காலி செய்ய வைப்பது ஆகிய அனைத்தையும் குறைந்த செலவில் கற்றுக்கொள்ளவும் முடியும். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் தூண் இல்லாமல் செங்கல் சுவர் மேலேயே தளம் தாங்குபவை. அடியில் இருப்பதோ மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண். அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்பதைக் கொத்தனாரிடம் கேட்காமல் பொறியாளரிடம் கேட்க வேண்டும். உள்ளாட்சியின் கட்டட அனுமதியையும் பெற வேண்டும்.

சொந்த மனை இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் வாடகையைப் பற்றி யோசிக்கும் முன்னர் அந்த மண் யாருடையது என்று பார்க்க வேண்டும். எல்லா ஊர்க்காரர்களுக்கும் பொதுவான அறிவுரைதான் என்றாலும், கோயில்களும் மடங்களும் நிறைந்த டெல்டாவில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் சன்னதித் தெருக்களிலும் மடவிளாகங்களிலும் மட்டுமன்றி, அவற்றைத் தாண்டிய பல தெருக்களிலும் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்க, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையதாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை, அதாவது கட்டடத்துக்கு அடியிலுள்ள மண்ணுக்கான வாடகை, கட்டி அங்கே வாழும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய சிக்கல் வேறு, அதை இங்கே கலக்கவில்லை. நான் சொல்வது, அந்த வீட்டைப் புதிதாக வாங்கி வாடகைக்கு விட நினைப்பவரைப் பற்றி.

அவருக்கு விலை கவர்ச்சியாகத் தெரியும். பக்கத்துத் தெருவில் 50 லட்சம் சொல்லும்போது இங்கே 20 லட்சம் சொல்வார்கள். வாடகையோ இரண்டு தெருவிலும் ஒன்றுதான். முதலுக்கு வாடகை எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட புதியவருக்கு இது அதிர்ஷ்டமாகத் தோன்றும். பத்திரத்தைப் புரட்டினால் சொத்து விவரத்தின் கடைசி வரியில் 'கட்டடம் மட்டும்' என்றோ 'அடிமனை நீங்கலாக' என்றோ எழுதியிருக்கும். கோயில் சொத்தை விற்பதும், அடமானம் வைப்பதும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும் இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிச் செல்லாது என்று 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. பிறர் மனையில் வீடு கட்டியவர்களுக்கு 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் அளித்துவந்த பாதுகாப்பு, சமய நிறுவனங்களின் மனைகளைப் பொறுத்தவரை 1996இல் விலக்கப்பட்டுவிட்டது. நியாய வாடகை மறு நிர்ணயம் செய்யப்படும்போது அடிமனை வாடகை பன்மடங்கு உயரலாம். முன்னவர் வைத்துவிட்டுப் போன நிலுவையும் புதியவரிடமே கேட்கப்படும். வரவேண்டிய வாடகையில் பாதி அங்கேயே போய்விடக்கூடும். வங்கிகள் இத்தகைய சொத்தின் மேல் கடன் தரத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். வங்கி தயங்கும் இடத்தில் தம் ஓய்வூதியப் பணிக்கொடையைப் போடுபவர், வங்கியைவிடத் தமக்குத் துணிவு ஏன் அதிகம் என்று ஒரு முறையேனும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாகூர், நாகப்பட்டினம் பக்கங்களில் வக்ஃபு மனைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்று தரகர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். ஒருபோதும் விற்கப்படாத கோயில் மனை அதில் எப்படி வரும்? நகர அளவைப் பதிவேட்டையும் பட்டாவையும் கிராம நிலங்களின் விவரம் அடங்கிய 'அ' பதிவேட்டையும் பார்த்தால்தான் அந்தப் புல எண் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியும். அறநிலையத் துறையின் இணையதளத்திலும் கோயில் நிலங்களின் விவரங்கள் ஏற்றப்பட்டு வருகின்றன. அதே போல, பதிவாகாத உயிலும், வாரிசுகளின் உரிமையும் வில்லங்கச் சான்றில் தெரியமாட்டா. பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்பது இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1989லிருந்தும், நாடு முழுவதற்குமாக 2005லிருந்தும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு; தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காளின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை வாங்குபவர், வாடகையோடு ஒரு பாகப்பிரிவினை வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

புறவழிச்சாலை ஓரங்களில் நஞ்சை நிலத்தைத் தூர்த்துப் போடப்படும் மனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணைக் கேட்பது முதல் வேலை. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்துவதற்குத்தான் 2017ஆம் ஆண்டு விதிகள் வழி செய்தன. அதற்குப் பின் பிரிக்கப்பட்ட அனுமதியற்ற மனைக்கு அந்த வழி கிடையாது. காகிதம் சரியாக இருந்தாலும் நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கி, பாசன வாய்க்காலும் வடிகாலும் எங்கே ஓடுகின்றன, அவை இப்போது மனையின் அடியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மனையைச் சித்திரையில் காட்டுவார்கள். கார்த்திகை அடைமழையில் நாமே போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் தெருவில் முழங்கால் அளவு நின்றால், குடியிருப்பவர் அடுத்த மழைக்குள் வேறு வீடு பார்த்துவிடுவார்.

குடிவரப்போகிறவர் யார் என்ற கேள்விக்கும் டெல்டாவில் விடை சுருக்கமானது. சென்னையைப் போல நாலா பக்கமும் வேலை தேடி வருபவர்கள் இங்கே இல்லை. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம். திருவாரூருக்கு அருகே நீலக்குடியில் 2009இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறையில் மாவட்ட அலுவலகங்கள். நாகப்பட்டினத்துக்கு ஒரத்தூர் மருத்துவக் கல்லூரி. இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களைச் சுற்றித்தான் வெளியூர்க் குடித்தனங்கள் வருகின்றன. ஒரே நிறுவனத்தை நம்பிக் கட்டியவர், அந்நிறுவனம் தன் வளாகத்துக்குள் இன்னொரு விடுதி கட்டும்போது தவித்துப்போவார். மாணவர்களுக்கு விடுபவர் கோடை விடுமுறை மாதங்களை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. கும்பகோணத்தில் 2028 மகாமகத்தைக் காட்டி இப்போதே வீடு விற்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் விழாவின் சில வாரங்களை வைத்து இருபதாண்டுக் கடனுக்குத் திட்டம் போட முடியாது. கேட்டு வருபவர்களோ இவ்வளவு குறைவு. இதில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டியும், சாதியைச் சுற்றி வளைத்து விசாரித்தும் அவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புபவர்கள், அநீதி செய்வதோடு தங்கள் வீட்டையும் காலியாக வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்வதே நம் ஊர் வழக்கமாக இருந்துவருகிறது. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை. வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகை பாக்கி என்பதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. கோபத்தில் பம்பு சுவிட்சை அணைத்துவிட்டு நியாயம் பேசும் வீட்டுக்காரர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிட்டால், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே வரும் சச்சரவில் பாதி குறையும்.

வாடகைக்குப் பதிலாகப் போக்கியத்துக்கு விடுவதைப் பற்றி வங்கிக்காரனாக ஒரு சொல். மொத்தமாக ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுவிட்டால் கடன் சுமை குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் அது வருமானம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய இன்னொரு கடன். அந்தப் பணத்தைத் தரை பதிக்கவும் திருமணச் செலவுக்கும் போட்டுவிட்டு, இரண்டாண்டு கழித்து அடுத்தவரிடம் போக்கியம் வாங்கி முன்னவருக்குக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் போக்கியத்துக்கு விடுவது அதைவிடக் கொடுமை. தவணை தவறி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசிச் சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும்போது, பதிவும் இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பது அங்கே குடியிருக்கும் குடும்பம்தான்.

வருமான வரிக் கணக்கை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம் என்றாலும் சிலவற்றை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்காகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ரசீது தேவையில்லை. கடன் வட்டி வாடகையைவிட அதிகமாகி நட்டம் வந்தால், பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை அதைச் சம்பளம் முதலான பிற வருமானத்தில் ஈடுகட்டலாம். புதிய வரிமுறையில் அது முடியாது. வரிச் சலுகை கிடைக்கும் என்று சொல்லி விற்பவர்கள் எந்த வரிமுறையைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டுவாசியாக இருந்தால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் அதில் வரி பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது டெல்டாவில் பலருக்குத் தெரியாது. அதே போல, சிங்கப்பூரில் எழுதி அனுப்பும் பொது அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

இறுதியாகத் தங்களிடமும் அரசிடமும் ஒவ்வொரு வேண்டுகோள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளையும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களையும் கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது என்பது சட்டம். அந்தப் பதிவு எண் இல்லாத விளம்பரத்தையும், அடிமனை யாருடையது என்று சொல்லாத வீட்டு விற்பனை விளம்பரத்தையும் தங்கள் நாளிதழ் ஏற்க மறுக்க வேண்டும். பதிவுத்துறையோ, கோயில், மடம், வக்ஃபு நிலப் பட்டியல்களில் உள்ள புல எண்களுக்கு யார் வில்லங்கச் சான்று கேட்டாலும், அந்த விவரம் சான்றின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சாகும்படி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.